அட்டவணையில் விடுபட்ட நிமிடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உலகக் கடல்களின் சுனாமி ஆபத்து பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். கூடவே ஓர் அட்டவணை. பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் சிவப்பு நிறம். மத்தியதரைக் கடல், துருக்கியின் மர்மரா கடல், கருங்கடல், ஜப்பான் கடல் நான்குக்கும் பச்சை. நிலம் சூழ்ந்த கடலில் அலை பெரிதாக வளர இடமில்லை, உயரம் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று அதற்குக் காரணம் சொல்லியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. சரக்குக் கப்பல்களில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து, கேப்டனாக ஓய்வு பெற்றவன். உங்கள் அட்டவணையில் பச்சை அடித்திருக்கும் கடல்களில் ஒன்றில், ஒரு சின்ன சுனாமியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உயரத்தை மட்டும் கேட்டால் நீங்களும் சின்னது என்றுதான் சொல்வீர்கள்.

1993 ஜூலை 12 இரவு. அப்போது நான் செகண்ட் ஆபீசர். கொரியாவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் சிமென்ட் ஏற்றிக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் ஜப்பான் கடல் என்று போட்டிருக்கும். கொரியர்களிடம் அப்படிச் சொன்னால் முகம் மாறும், அவர்களுக்கு அது கிழக்குக் கடல். அங்கே ஏற்றவற்றம் மிகவும் குறைவு, ஓர் அடி தேறினால் பெரிது. பெருங்கடலோரத் துறைமுகங்களில் கப்பல் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி கயிற்றைத் தளர்த்துவதும் இறுக்குவதும்தான் வாட்சில், அதாவது முறை வைத்துச் செய்யும் காவல் வேலையில், பாதி. அங்கே அது கிடையாது. கட்டின கயிறு கட்டினபடியே இருக்கும். அதனாலேயே அந்தத் துறைமுகம் என்றால் எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி.

செகண்ட் ஆபீசருக்கு நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை வாட்ச். மேலே வந்து, தேர்ட் ஆபீசரிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டு, கரைக்கு ஏறி இறங்கும் கேங்வே பாலத்துப் பக்கம் போய் நின்றேன். காற்று இல்லை. எதிரே துறைச் சுவரில் ஓர் இரும்பு ஏணி, அதற்கு நேர் மேலே விளக்குக் கம்பம். ஏணியில் எப்போதும் ஐந்து படி தண்ணீருக்கு மேலே தெரியும். அன்றைக்கு எட்டு படி தெரிந்தது. அடிப் படிகள் மூன்றிலும் பச்சைப் பாசி தொங்கிக்கொண்டு சொட்டியது. முதலில் கப்பல்தான் உயர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். சிமென்ட் ஏற ஏற கப்பல் தாழத்தானே வேண்டும்? அப்புறம்தான் சத்தம் கேட்டது. சுவர் இடுக்குகளிலிருந்து தண்ணீர் வடிகிற சத்தம், பெரிய தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி.

நாலைந்து நிமிடத்தில் தண்ணீர் திரும்பி வந்தது. அலையாக வரவில்லை. நுரை இல்லை, இரைச்சல் இல்லை. ஏணிப் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே ஏறியது, அவ்வளவுதான். எட்டு படி தெரிந்த இடத்தில் ஒரே ஒரு படி மிச்சம். ஏழு படி ஏறியிருக்கிறது, ஒரு படி ஏறத்தாழ ஓர் அடி. அதற்குள் கப்பல் முன்னால் இழுக்கத் தொடங்கிவிட்டது. கப்பலை முன்னே நகரவிடாமல் பிடிக்கும் முன்பக்க ஸ்பிரிங் கயிறு இறுகி, அதிலிருந்து தண்ணீர் தூள் தூளாகத் தெறித்தது. கயிறு அப்படி வியர்த்தால் அடுத்தது அறுவதுதான் என்று கப்பல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆட்களைப் பின்னால் போகச் சொல்லிக் கத்தினேன். அறுந்தது. போன வேகத்தில் இரும்புக் கைப்பிடியில் அடித்து, ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்டை உரித்துவிட்டுப் போனது. ஒரு நிமிடம் முன்னால் போசன், எங்கள் மாலுமிகளின் தலைவர், கைவைத்து நின்ற இடம் அது.

கேப்டனை எழுப்பினோம், எஞ்சினைத் தயார் செய்தோம், ஏற்றுவதை நிறுத்தினோம், இருந்த கயிற்றையெல்லாம் போட்டோம். தண்ணீர் இறங்கும்போதெல்லாம் இன்னொரு பயம். கப்பலின் அடிக்கும் தரைக்கும் நடுவே மிச்சமிருந்தது ஒன்றரை மீட்டர்தான். எதிர்க்கரையில் மீன்பிடிப் படகுகள் கட்டு அறுந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு துறைமுக வாய் வரைக்கும் போய், திரும்ப உள்ளே வந்தன. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இதே கதை. என் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் நேரத்தையும் ஏணிப் படியையும் எழுதிக்கொண்டே இருந்தேன். ஏன் எழுதினேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, கை சும்மா இருக்க முடியாமல் எழுதியிருப்பேன். நாங்கள் நின்ற இடத்தில் நிலம் துளியும் ஆடவில்லை. எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. முந்தின இரவு 10:17 மணிக்கு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் தென்மேற்கே ஒகுஷிரி தீவுக்குப் பக்கத்தில் 7.8 அளவு நிலநடுக்கம். அலை அந்தத் தூரத்தைக் கடந்து எங்கள் ஏணிக்கு வர எடுத்துக்கொண்டது ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. கணக்கு சுலபம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று வந்துவிடும். 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டும். 100 மீட்டர் ஆழத்தில் 113. கரையோரம் 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர், அப்போதும் மனிதன் ஓடித் தப்பிக்கிற வேகம் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்துக்கும் இதே கணக்கிலேயே விடை இருக்கிறது. 10 மீட்டர் ஆழமும் 1,400 மீட்டர் நீளமும் உள்ள, ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓர் ஊசலை முடிக்க நீளத்தைப் போல நாலு மடங்கு தூரம் போக வேண்டும், 5,600 மீட்டர். நொடிக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் என்றால் ஒன்பதரை நிமிடத்தை ஒட்டி வரும். ஊஞ்சலுக்கு ஓர் ஆட்டக் கணக்கு இருக்கிற மாதிரி ஒவ்வொரு விரிகுடாவுக்கும் துறைமுகத்துக்கும் அதற்கென்று ஓர் ஆட்டக் கணக்கு உண்டு. வெளியிலிருந்து வரும் அலையின் இடைவெளி அந்தக் கணக்கோடு ஒத்துப்போனால், சின்னச் சின்னத் தள்ளலிலேயே ஊஞ்சல் உயரம் போய்விடும். அதனால்தான் ஒரே சுனாமி ஒரு துறைமுகத்தில் தலைகாட்டாமல் போகும், பக்கத்துத் துறைமுகத்தில் படகுகளைக் கவிழ்க்கும். ஒரு கடல் முழுவதற்கும் ஒரே நிறம் அடித்தால் இது எப்படித் தெரியும்?

இனி கடல் மூடியிருப்பதற்கு வருகிறேன். கட்டுரையாளர் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி உண்மை. வெளியே பசிபிக்கில் எழும் சுனாமி உள்ளே வர விடாமல் அந்தச் சுவர் தடுக்கும், சரி. உள்ளே எழுந்த அலையை அதே சுவர் வெளியே விடாது. ஜப்பான் கடலுக்கு வாசல்கள் என்று பார்த்தால் கொரிய ஜலசந்தி, ட்சுகாரு, சோயா, வடக்கே தாத்தார் ஜலசந்தி. எல்லாம் ஒடுங்கியவை, நடுக்கடலோடு ஒப்பிட்டால் ஆழமே இல்லாதவை. நடுவில் ஆழம் 3,000 மீட்டருக்கு மேல். பெருங்கடலில் கரையைத் தொடாமல் தாண்டிப்போகிற அலை தன் வழியே போய்த் தொலைந்துவிடும். இங்கே எதிர்க்கரையில் மோதித் திரும்பும். திரும்பி வந்தது மறுபடி மோதும்.

இதற்குச் சமீபத்திய சாட்சி ஒன்று. 2024 ஜனவரி 1 மாலை 4:10 மணிக்கு ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். மாலை ஆறு மணி வாக்கில் முதல் அலை கொரியக் கரையைத் தொட்டது. அங்கே முக்ஹோ துறைமுகத்தில் பதிவான உச்சம் 85 செ.மீ. அந்த உச்சம் வந்தது இரவு 8:35 மணிக்கு, முதல் அலை வந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து! முதல் அலையைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று படகைப் பார்க்கத் துறைக்குப் போயிருந்தால்? ஜப்பானில் சுனாமி எச்சரிக்கையை முழுவதுமாக விலக்கியது மறுநாள் காலை பத்து மணிக்கு. உங்கள் அட்டவணையில் ‘எத்தனை மணி நேரம் நீடிக்கும்’ என்று ஒரு கட்டம் இல்லை.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, ‘எத்தனை நிமிடத்தில் வரும்’ என்ற கட்டமும் இல்லாததுதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து, இந்தியாவின் கிழக்குக் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அன்றைக்கு அந்த நேரத்தைப் பயன்படுத்திச் சொல்ல ஆளில்லை. இப்போது எச்சரிக்கை மையங்கள் இருக்கின்றன, ஆகவே சொல்லிவிடுவார்கள் என்று நம்மில் பலர் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறோம். பெருங்கடலின் எதிர்க்கரைக்கு அந்தப் படம் பொருந்தும். மூடிய கடலில் நிலநடுக்கத்தைக் கிளப்பும் நிலப்பிளவே கரைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

ஒகுஷிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஏணிப் படி எண்ணிக்கொண்டிருந்த அதே சுனாமி. நிலம் ஆடியது 10:17க்கு. ஜப்பான் வானிலை முகமை 10:22க்கு எச்சரிக்கை விட்டது. ஐந்தே நிமிடம், அந்தக் காலத்துக்கு அது மெச்சத்தக்க வேகம். ஆனால் தீவின் மேற்குக் கரையை அலை இரண்டு மூன்று நிமிடத்திலேயே தொட்டுவிட்டது. ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் தண்ணீர் 30 மீட்டருக்கு மேல் ஏறியது. தெற்கு முனையில் அவோனாயே என்று ஒரு மீனவக் குடியிருப்பு, மூன்று பக்கமும் கடல். முதல் அலை மேற்கிலிருந்து அடித்தது. சில நிமிடம் கழித்து, தீவைச் சுற்றி வளைந்து கிழக்குப் பக்கத்திலிருந்து இன்னொன்று. பிறகு தீ வேறு பிடித்தது. அந்த நிலநடுக்கத்தில் மொத்தம் 230 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், பெரும்பாலோர் ஒகுஷிரிக்காரர்கள்.

அங்கே நடந்த ஒன்றை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பத்து வருடத்துக்கு முன்னால், 1983இல், அதே தீவுக்கு ஒரு சுனாமி வந்திருந்தது. அந்த நினைவில், நிலம் ஆடின உடனே கையில் எதுவும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் உண்டு. அதே நினைவில், போன தடவை அலை வர நேரம் ஆனதே என்று கணக்குப் போட்டு, கிளம்பத் தாமதித்தவர்களும் உண்டு. அனுபவம் ஒன்றுதான். அது ஒருவரைக் காப்பாற்றியது, இன்னொருவரைக் கொன்றது.

1983இன் கதை இன்னும் கொடுமை. மே 26, நண்பகல். ஜப்பானின் அகிதா மாநிலத்துக்கு அப்பால் கடலில் 7.7 அளவு நிலநடுக்கம். ஏழெட்டு நிமிடத்தில் முதல் அலை கரைக்கு வந்துவிட்டது. எச்சரிக்கை வந்தது 14 நிமிடம் கழித்து. இறந்தவர்கள் 104 பேர், அதில் 100 பேர் சுனாமியில். நோஷிரோவில் துறைமுகக் கட்டுமானத்தில் இருந்த தொழிலாளர்கள், பாறைகளில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள், அப்புறம் மலைப்பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றிலிருந்து ஓகா தீபகற்பத்துக்குச் சுற்றுலா வந்த 13 பிள்ளைகள். மதியச் சாப்பாட்டைக் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம் என்று கரைக்கு இறங்கியிருந்தார்கள். இந்தக் கடலின் எதிர்ப்புறம் கொரியாவில் இம்வோன் என்னும் சின்னத் துறைமுகத்தில் ஒருவர் இறந்தார், இருவரைக் காணவில்லை.

அப்போது அகிதாப் பக்கம் ஒரு வழக்குச் சொல் இருந்தது: ‘நிலம் ஆடினால் கடற்கரைக்கு ஓடு.’ வீடு மேலே விழாது, மலை சரியாது, வெட்டவெளி பத்திரம் என்ற எண்ணம். சுனாமி என்பது பசிபிக் பக்கத்துச் சங்கதி, ஜப்பான் கடலில் அது வராது என்று பெரியவர்களே நம்பினார்கள். வந்திருக்கிறது. 1741இல் ஓஷிமா எரிமலைத் தீவு சரிந்து எழுந்த சுனாமி ஹொக்கைடோக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 1833இல் ஜப்பானின் ஷோனாய் கரையில் மறுபடி வந்தது. அதற்கும் 1983க்கும் நடுவே நூற்றைம்பது வருடம். பாட்டி பேத்திக்குச் சொல்லி, பேத்தி தன் பேத்திக்குச் சொல்வதற்குள் கதை காற்றோடு போய்விடுகிறது. ஏட்டில் இருக்கிறது, ஊர்ப் பேச்சில் இல்லை. அந்த வழக்குச் சொல்லுக்கும் உங்கள் அட்டவணையின் பச்சை நிறத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. கோபத்தில் எழுதவில்லை. அந்த 13 பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன்.

கட்டுரையில் சரியாகச் சொன்னதும் உண்டு. மூடிய கடல்களில் சுமத்ராவைப் போல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரே வீச்சில் கிழியும் பிளவு இல்லை. 9 அளவு நிலநடுக்கத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஜப்பான் கடலின் கிழக்கோரத்தில் இருப்பவை செங்குத்தாகச் சாய்ந்த, ஆழம் குறைந்த பிளவுகள். அவை அசையும்போது கடல்தரை பக்கவாட்டில் நகர்வதைவிட மேலே தூக்குவது அதிகம். அதனால் நிலநடுக்கத்தின் அளவைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிட அலை பெரிதாக எழும். ஜப்பான் அரசு அமைத்த ஆய்வுக் குழு 2014இல் இந்தக் கடலில் 60 பிளவுகளை எடுத்து, ஒவ்வொன்றும் அசைந்தால் எந்தக் கரைக்கு எவ்வளவு அலை, எத்தனை நிமிடத்தில் என்று கணக்கிட்டு வெளியிட்டது. ஹொக்கைடோவின் செதானாவில் 23.4 மீட்டர் வரை போகலாம் என்று வந்தது. சில கரைகளுக்கு ஒரு நிமிடம் ஆவதற்குள் அலை வந்துவிடும் என்றும் வந்தது. அந்த அறிக்கையில் நிமிடத்துக்கும் இடம் கொடுத்தார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

அவ்வளவு கணக்குப் போட்டும் நோட்டோ ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. நோட்டோவை ஒட்டிய டோயாமா விரிகுடாவுக்கு, பிளவிலிருந்து அலை வந்து சேர வேண்டிய நேரத்துக்கு முன்பே, நிலம் ஆடின மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் அசையத் தொடங்கிவிட்டது. பிறகு கடலோரக் காவல்படை அளந்து பார்த்தபோது, விரிகுடாவின் அடிச்சரிவு இடிந்து விழுந்த தடம் தெரிந்தது. நிலநடுக்கம் கடலுக்கடியில் மண்ணைச் சரித்து, அந்தச் சரிவு தனியாக ஓர் அலையைக் கிளப்பியிருக்கும் என்கிறார்கள். பிளவுகளை மட்டும் பட்டியலிட்டுப் போடுகிற மதிப்பீட்டில் இந்த அலை வராது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலும் கரையிலிருந்து உடனே ஆழத்துக்கு இறங்கும் சரிவும் சேர்ந்திருக்கிற எந்த மூடிய கடலுக்கும் இது பொருந்தும். 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் இஸ்மித் வளைகுடாவில் நிலம் ஆடியபோது, தெயிர்மென்தெரே என்னும் கரையோர ஊரில் கடற்கரைப் பூங்காவின் ஒரு பகுதியே நீருக்குள் சரிந்து போனது. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலு விரிகுடாவிலும் கரைகள் சரிந்ததும் சேர்ந்து சில நிமிடத்தில் அலை எழுந்தது. அங்கே பிளவு பக்கவாட்டில் நகர்கிற வகை, அதனால் பெரிய அலை இருக்காது என்று எண்ணத் தோன்றும் இடம்.

நோட்டோவில் இன்னொன்று. தீபகற்பத்தின் வடகரை சில இடங்களில் 4 மீட்டர் வரை மேலே எழும்பிவிட்டது. துறைமுகங்களில் தண்ணீரே இல்லை, படகுகள் தரையில் உட்கார்ந்துவிட்டன. கடல்மட்டத்தை அளக்கும் கருவி நின்ற இடமும் கடலைவிட்டு வெளியே வந்துவிட்டது. சுனாமி அடித்த இடத்திலேயே அளப்பதற்கு ஆளில்லை. கருவி காட்டாததால் அலை இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மத்தியதரைக் கடலைப் பற்றி நீட்ட மாட்டேன், அங்கே நான் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பச்சை அடிப்பதற்கு முன்னால் சரித்திரத்தைப் புரட்டியிருக்கலாம். கி.பி. 365இல் கிரீட் தீவின் மேற்குக் கரையை ஒரே நிலநடுக்கம் 9 மீட்டர் வரை தூக்கியது, அந்த அலை எகிப்தின் அலெக்சாந்திரியாவை அழித்தது. 1908இல் மெசினா ஜலசந்தியில் 10 மீட்டருக்கு மேல் நீர் ஏறியது. 2003 மே 21 அன்று அல்ஜீரியாவில் 6.8 அளவு நிலநடுக்கம், எதிர்க்கரையில் ஸ்பெயினின் பலேரிக் தீவுத் துறைமுகங்களில் படகுகள் மூழ்கின. உயரம் பெரிதில்லை, நீரோட்டம்தான் மூழ்கடித்தது. 2020 அக்டோபர் 30 அன்று சாமோஸ் தீவருகே 7.0. துருக்கியின் செஃபெரிஹிசார் கரையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி நீரில் இறந்துபோனார். அடுத்த முப்பது முதல் ஐம்பது வருடங்களுக்குள் மத்தியதரைக் கடலில் ஒரு மீட்டருக்குக் குறையாத சுனாமி வருவது ஏறக்குறைய நிச்சயம் என்று 2022இல் யுனெஸ்கோ சொன்னது. ஒரு மீட்டர்தானே என்று கேட்பவர்களுக்கு என் ஏணியைக் காட்டுவேன். ஒரு மீட்டர் என்பது இடுப்பளவு நீர் தேங்கி நிற்பதில்லை. கடலே ஒரு மீட்டர் உயர்ந்து, பத்து நிமிடம் உள்ளே நடந்து வருவது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. பிற்காலத்தில் நான் கேப்டனாக வேலை பார்த்த கம்பெனி ஒன்றில், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் சுனாமிக்கு ஒரு வரி. ‘எதிர்பார்க்கும் உயரம் ஒரு மீட்டருக்குக் கீழ் என்றால்: குறைவு’ என்று அச்சடித்திருந்தது. நான் மாற்றி எழுதி அனுப்பினேன், கயிறு அறுவதையும் அடித்தண்ணீர் குறைவதையும் விளக்கி அரைப்பக்கம் இணைத்தேன். படிவத்தில் அச்சடித்தபடி மட்டும் நிரப்பவும் என்று பதில் வந்தது. அடுத்த துறைமுகத்தில் ‘குறைவு’ என்று கையெழுத்துப் போட்டேன். அதற்கடுத்ததிலும் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு கையெழுத்தும், எனக்குப் பிறகு அந்தக் கப்பலுக்கு வந்த சின்னப் பையன்களுக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி. அச்சில் வந்துவிட்டால் ஒரு சொல்லை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். உங்கள் அட்டவணையும் அச்சில் வந்ததுதான், அதனால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். அந்த அட்டவணையைத் திருத்தி மறுபடி போடுங்கள். ‘உயரம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், பக்கத்துப் பிளவிலிருந்து அலை கரைக்கு வரும் நிமிடங்கள், நீர் ஆடி ஓயும் மணி நேரம், கடலடிச் சரிவு உண்டா இல்லையா என்று மூன்று கட்டம் சேருங்கள். பச்சை நிறத்தை எடுத்துவிடுங்கள், வேண்டுமானால் நிறமே வேண்டாம். அந்தக் கரைகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், கப்பலில் போய் இறங்குகிறார்கள். நிலம் நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலும், வேகம் குறைவாக இருந்து ஒரு நிமிடத்துக்கும் கூடுதலாக நீடித்து ஆடினாலும், கடல் ஓரத்தில் இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அப்போதே மேட்டுக்கு நடக்க வேண்டும் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். ஒகுஷிரியில் எச்சரிக்கைக்கு ஆன ஐந்து நிமிடத்துக்குள் அங்கே இறந்தவர்களில் பலர் மேட்டில் இருந்திருக்க முடியும். கப்பலில் இருப்பவர்களுக்கு இன்னொரு வரி: நிலமே ஆடாமல் தண்ணீர் மட்டும் ஏறி இறங்கினால், இறுகிய கயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

அந்தச் சின்ன நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜூலை 13 பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் நேரம், வலது பக்கம் தண்ணீருக்கு மேலே தெரிந்த ஏணிப் படிகள். கை நடுங்கி எழுதிய இடங்கள் தெரியும். 03:50க்கு எழுதிய கடைசி வரியில் ஏழு படி, அடுத்து இரண்டு படி. நாலு மணிக்கு வாட்சை சீஃப் ஆபீசரிடம் ஒப்படைத்தபோது நீர் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. திருத்திய அட்டவணையோடு போடுவதற்கு அந்தப் பக்கம் உதவுமென்றால் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சரக்குக் கப்பல் கேப்டன்